பந்தும் பிழைப்பும் – 9: நாற்காலி ஊரின் நடுக்களக்காரர்

போன வாரம் ஜேமி வார்டியைப் பார்த்தோம். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சின்னக் கால்பந்து கிளப்பில் ஆடியவர், 2016-ல் லெஸ்டர் அணியோடு பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். அது லாட்டரி விழுந்த கதை. சீட்டு வாங்கிய மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

அப்படி ஒருவர்தான் மாட் ப்ளூம்ஃபீல்டு. 1984-ல் இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். பக்கத்திலிருக்கும் இப்ஸ்விச் கிளப்பில் பயிற்சி பெற்றார். ஆனால் அதன் முதல் அணிக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. 2003 டிசம்பரில், 19 வயதில், விக்கம் வாண்டரர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அங்கே மேனேஜர், ஆர்சனலின் முன்னாள் கேப்டன் டோனி ஆடம்ஸ். பெரிய பெயர்தான். அந்த சீசன் முடிவில் அணி கடைசி இடத்தில் நின்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

ஹை விக்கம், லண்டனுக்கு வடமேற்கே உள்ள ஊர். ஒரு காலத்தில் நாற்காலி செய்து பிழைத்த ஊர் என்பதால் அணிக்கு ‘சேர்பாய்ஸ்’ என்று செல்லப்பெயர். அணியின் ஆடம்ஸ் பார்க் மைதானத்துக்குப் போக வேண்டுமென்றால் தொழிற்பேட்டை வழியாகத்தான் போக வேண்டும். பட்டறைகளையும் கிடங்குகளையும் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் ஸ்டேடியம். சுமார் பத்தாயிரம் பேர் உட்காரலாம், நிற்கலாம்.

நடுக்கள ஆட்டக்காரர் என்றதும் நமக்கு ஜிடேனும் இனியெஸ்டாவும் ஞாபகத்துக்கு வருவார்கள். மூன்றாம், நான்காம் பிரிவில் கதை வேறு. பின்வரிசையிலிருந்து நெடுக உதைத்த பந்து நடுக்களத்தின் தலைக்கு மேலேயே பறந்துவிடும். முன்னால் இரண்டு பேர் எம்பி முட்டுவார்கள். அங்கிருந்து தெறித்து விழுவதை ‘செகண்ட் பால்’ என்பார்கள். அது விழும் இடத்தை மோப்பம் பிடித்து ஓடி, தலையோ முழங்காலோ கொடுத்துப் பிடுங்குவதுதான் ப்ளூம்ஃபீல்டு போன்றவர்களின் பிழைப்பு. சனிக்கிழமை ஒரு ஆட்டம், பல வாரங்களில் செவ்வாய் இரவும் ஒன்று. லீக்கில் மட்டும் சீசனுக்கு 46. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுதான். சீசன் முடிந்ததும் யார் தொடர்கிறார், யார் வெளியேறுகிறார் என்று கிளப் ஒரு பட்டியல் போடும். வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு அந்தப் பட்டியல்தான் உண்மையான இறுதிப் போட்டி.

இப்படிப் பதினெட்டு ஆண்டுகள், ஒரே கிளப்புக்கு 550-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அந்தக் காலத்தில் விக்கம் நான்கு முறை ஏறியது (2009, 2011, 2018, 2020), நான்கு முறை இறங்கியது (2004, 2010, 2012, 2021). 2014-ல் நான்காம் பிரிவை விட்டே விழ இருந்தது. கடைசி நாளில் டார்க்கியில் 3-0 என்று ஜெயித்தது. அதே நாளில் போட்டி அணியான பிரிஸ்டல் ரோவர்ஸ் தோற்றது. கோல் வித்தியாசத்தில் தலை தப்பியது.

2020-ல் கொரோனா லீக்கை நிறுத்தியபோது மூன்றாம் பிரிவில் விக்கம் எட்டாவது இடத்தில் இருந்தது. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி போட்டதில் மூன்றாவதாகத் தாவியது. மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று, 1887-ல் தொடங்கிய கிளப் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்குப் போனது. கிளப்பின் கேப்டன் நம்மாள். ஆனால் அன்று வெம்ப்ளி மைதானத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. பதினேழு வருஷ உழைப்புக்குக் கிடைத்த கைதட்டல் அவ்வளவுதான்! அடுத்த ஆண்டே ஒரு புள்ளி குறைந்து இறங்கினார்கள். அந்த ஒரு புள்ளியில் தப்பிய டார்பி கவுன்டிக்கு, பணக் குளறுபடிகளுக்காக மறு சீசனில் 21 புள்ளிகள் வெட்டப்பட்டன. விக்கத்துக்கு அது காலம் கடந்த நியாயம்.

பந்துக்குத் தலை கொடுத்தவருக்குக் கடைசியில் தலையே வினையானது. 2021-ல் தலையில் பட்ட அடியால் ஏற்பட்ட மூளை அதிர்விலிருந்து அவர் மீளவில்லை. 2022 பிப்ரவரியில் ஓய்வை அறிவித்தார். மேல்மட்டத்து நட்சத்திரத்தின் காயம் தலைப்புச் செய்தியாகிறது. கீழ்ப்பிரிவுக்காரருக்கோ அடிபட்டதை மறைத்து ஆடினால்தான் அடுத்த ஒப்பந்தம் என்ற நெருக்கடி. இந்த விளையாட்டின் பெரிய அநியாயம் சம்பள வித்தியாசம் அல்ல, இதுதான் என்பேன்.

பிறகு கோல்செஸ்டரில் மேனேஜர், 2023-ல் மறுபடி விக்கம், 2025 ஜனவரியில் லூட்டன். அந்த அணியும் மே மாதத்தில் இறங்கியது. அக்டோபரில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

(அடுத்த வாரம்: லீக்கில் 931 ஆட்டங்கள் ஆடிய டோனி ஃபோர்டு)