வம்புப் பேனாக்கள் – 9: மொட்டைத் தலையும் இரண்டு கழுதைகளும்

1868-இல் 'லா லாந்தெர்ன்' இதழில் மூன்றாம் நெப்போலியனைக் கிழித்துத் தொங்கவிட்ட ஆன்ரி ரோஷ்ஃபோர், முதுமையில் ட்ரைஃபஸ் வழக்கில் ராணுவத்தின் பக்கம் போய் நின்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்த மாடம்பாக்கத்து நண்பர் ஒருவர், "பாரீஸ் வரைக்கும் எதுக்குப் போறீங்க? நம்ம சோ இல்லையா?" என்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சோ நடத்திய துக்ளக் இதழ்களை வருஷவாரியாக பைண்டு செய்து வைத்திருக்கிறார். அதே தெருவில் இருக்கும் பழைய தி.மு.க.காரரிடம் சோ பேச்சை எடுத்தால், "எங்க ஆட்சின்னாதான் அவருக்கு வீரம் வரும்" என்பார்.

இரண்டு பேருமே பாதி சரி.

1934-இல் பிறந்த, மொட்டைத் தலைக்குப் பேர்போன சோ ராமசாமி, வக்கீலாக இருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்தவர். 1970 பொங்கலன்று துக்ளக் வெளிவந்தது. முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள், சோ பத்திரிகை தொடங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டன. தன்னையே கேலி செய்துகொண்டு கடையைத் திறந்தவனை, மற்றவர்கள் எப்படிக் கேலி செய்வது?

மறு வருஷமே வம்பு வந்தது. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகத்தார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் கடவுள் படங்கள் அவமதிக்கப்பட்டதாகச் சர்ச்சை எழ, அதன் படங்களைத் துக்ளக் வெளியிட்டது. தி.மு.க. அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது. காசு செலவில்லாத விளம்பரம்! ஆனால் ஓட்டு வேறு கணக்குப் போட்டது. மார்ச் தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது.

என்னைக் கேட்டால், சோவின் உச்சம் 1975தான். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார். எத்தனையோ பெரிய பத்திரிகைகள் தணிக்கை அதிகாரியின் முகம் பார்த்துப் பக்கம் கட்டிய காலம் அது. அந்தக் கறுப்பு அட்டையின் துணிச்சலை எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாது.

பிறகு அவர் எழுதுவதோடு நிற்கவில்லை, கூட்டணி கட்டவும் போனார். 1996-இல் தி.மு.க., த.மா.கா. கூட்டணிக்குத் தோள் கொடுத்தார். முதல்வராக இருந்த ஜெயலலிதா தன் தொகுதியான பர்கூரிலேயே தோற்றார். பின்னாளில் அதே ஜெயலலிதாவுக்கு ஆலோசகர் என்று பெயரெடுத்தார். 1999-இல் நியமன எம்.பி. ஆனார். மோடி பிரதமராக வேண்டும் என்று மேடையிலேயே பேசினார். பெண்கள் அரசியலுக்கு வருவது பற்றி அவர் அடித்த கிண்டல்களை இன்று படித்தால் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. விடுதலைப் புலிகளை எதிர்த்ததில் மட்டும் கடைசிவரை ஒரே நிலைதான். அதற்காக வசவும் குறைவில்லாமல் வாங்கினார்.

ஜெயலலிதா மறைந்த இரண்டாம் நாள், 2016 டிசம்பர் 7-இல் சோ போனார். அடுத்த ஆண்டு பத்ம பூஷண் வந்தது. சேலம் விவகாரமோ ஓயவில்லை. 2020-இல் துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் அதைத் தொட்டார். போராட்டம், போலீஸ் புகார், நீதிமன்றம் என்று ஊரே அமளிப்பட்டது. மன்னிப்புக் கேட்க முடியாது என்றார் ரஜினி.

சோ நடுநிலையாளர் அல்ல. சார்பை மறைக்காத, நல்ல நகைச்சுவை உள்ள ஒரு கட்சிக்காரர். சேர மட்டும் கட்சி இல்லாதவர். கறுப்பு அட்டைக்காக அவரை மதிக்கிறேன். கூட்டணிப் பேரத்துக்குப் போனவரை மதிக்க முடியவில்லை. ஆட்சியை யார் பிடிப்பது என்று முடிவு செய்யும் அறைக்குள் உட்கார்ந்தவர், மறுநாள் அந்த ஆட்சியை எப்படி விமர்சிப்பார்?

அடுத்த வாரம், மட்டக்களப்பில் பிறந்து கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட 'தராக்கி' சிவராம்.