உப்புக்கண்டம்: இறைச்சியை விற்போம், ஈரத்தை விற்க வேண்டாம்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கண்டிப் பக்கத்து எமது வீடுகளில் முன்பெல்லாம் ஒரு காட்சியைக் காணலாம். உழ்ஹிய்யா இறைச்சியைக் கீலம் கீலமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டிருப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கயிறு அடுப்புக்கு மேலே போய்விடும். குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு உப்புக்கண்டம் அருகிப்போனது. ஆனால் இன்று அதற்குப் புதிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருக்கிறார். அவரைப் பற்றியே இவ்வாரம்.

யார் அந்த வாடிக்கையாளர்?

மலையேறுபவர்தான். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனப் பகுதிகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தேயிலைத் தோட்டங்களினூடாகச் செல்லும் பீகோ நடைபாதை எமது ஹந்தானையிலேயே ஆரம்பிக்கிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். முதுகுப் பையோடு நடப்பவருக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. பச்சை இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதை வெளியேற்றிவிட்டால் ஒரு கிலோ இறைச்சி சுமார் 300 கிராமாகிவிடும், சத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கொதிநீரில் ஊறவைத்தால் நூடில்ஸோடும் சோற்றோடும் சேர்ந்துவிடும்.

இது எமக்குப் புதிதல்ல. பெருநாளை அடுத்த மூன்று நாட்களை ஐயாமுத் தஷ்ரீக் என்கிறோம். இறைச்சியை வெயிலில் காயவைத்த வழக்கத்தாலேயே அப்பெயர் வந்தது என அறிஞர்கள் விளக்குவர். உழ்ஹிய்யா இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாமென ஒரு கஷ்ட காலத்தில் தடுத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: உழ்ஹிய்யா இறைச்சியை விற்க அனுமதியில்லை. வியாபாரத்துக்கு வேறாக இறைச்சி வாங்க வேண்டும்.

நான் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன் நானும் இதில் இறங்கினேன். 5 கிலோ இறைச்சியைக் காயவைத்தேன். ஒன்றரைக் கிலோ அளவில் வரவேண்டியது 2 கிலோவுக்கு மேல் வந்தது. தராசைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பொலித்தீன் பைகளில் கட்டி விற்றேன். மூன்றாம் நாள் ஒரு இளைஞர் பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே வெண்பூஞ்சணம். மலைக்குப் போகுமுன் பிரித்துப் பார்த்ததால் தப்பினார். நடுக்காட்டில் வயிற்றோட்டம் வந்திருந்தால் யார் பொறுப்பு? வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் அதிகமாக நிறுத்து விற்ற அரைக் கிலோவும் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. தராசில் கூடுதலாக நிற்கும் ஈரமே சரக்கைக் கெடுக்கும் ஈரம்.

செய்முறை

மாசி எப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மீனை முதலில் அவித்து, பிறகு புகையிட்டு, அதன் பின்பே காயவைக்கிறார்கள். அந்த ஒழுங்கே இங்கும் பாதுகாப்பானது.

முதலாவது, கொழுப்பில்லாத இறைச்சியைத் தெரிவு செய்யுங்கள். கொழுப்பு காயாது, சிக்கு வாடை அடிக்கும். இரண்டாவது, இறைச்சியை அரைவாசி உறையவைத்து, நாருக்குக் குறுக்காகக் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் வெட்டுங்கள். மூன்றாவது, உப்பு, மிளகு, மஞ்சள் சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவையுங்கள். நான்காவது, காயவைக்குமுன் இறைச்சியின் உட்பகுதி 71 பாகை செல்சியஸை அடையும்வரை சூடாக்குங்கள். கிருமி இருக்கும் பச்சை இறைச்சியை மெதுவாகக் காயவைத்தால் ஈரம் குறையக் குறையக் கிருமி சூட்டைத் தாங்கப் பழகிவிடும். ஐந்தாவது, உலர்த்தியிலோ அவனிலோ 60 முதல் 70 பாகையில் காயவையுங்கள். பல மணித்தியாலம் எடுக்கும். எமது கண்டியின் ஈரக் காற்றையும் திடீர் மழையையும் நம்பி வியாபாரச் சரக்கை வெயிலில் போடாதீர்கள்.

ஆறிய பின் ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விழ வேண்டும், ஆனால் இரண்டாக முறியக் கூடாது. பிறகு கண்ணாடிப் போத்தலில் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். உட்புறம் வியர்த்தால் மறுபடியும் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததையும் வெளியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அதற்கு மேல் என்றால் உறைநிலையில் வையுங்கள்.

கணக்கு

வாங்கும் ஒரு கிலோவில் கொழுப்பும் சவ்வும் 100 கிராம் கழிந்தால் மீதி 900 கிராம். காய்ந்தபின் சுமார் 270 கிராம், அதாவது 50 கிராம் பைகள் ஐந்து. ஆகவே ஒரு கிலோ உப்புக்கண்டத்தின் அடக்கவிலை, பச்சை இறைச்சி விலையைப் போல் ஏறத்தாழ 3.7 மடங்கு. அதன்மேல் மின்சாரம், பொதி, கூலி, உங்கள் இலாபம். இந்தக் கணக்கைப் பார்க்காமல் அடுத்தவரைவிட மலிவாக விற்பவர் நட்டப்படுவார், அல்லது ஈரத்தை விற்பார்.

சட்டத்தையும் கவனியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் பொருந்தும். ஆரம்பிக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். பையில் நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி இருக்கட்டும். மான், மரை வத்தலைப் பக்கத்திலும் அண்டவிடாதீர்கள். வனஜீவராசிகள் சட்டத்தில் அது குற்றம். ஹலாலாக அறுக்கப்பட்ட இறைச்சி என்பதற்கு, வாங்கிய கடையின் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முதலில் ஒரு கிலோவில் ஆரம்பித்து, உங்கள் பிள்ளைகள் தயங்காமல் தின்னும் சரக்கு வந்தபின் கடைக்குக் கொண்டுவாருங்கள். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்குக் கேடு என்று எச்சரிக்கும் மார்க்கம் எமது மார்க்கம். உப்புக்கண்டத்தைப் பொறுத்தவரை, தராசில் குறைந்து நிற்பதே நேர்மையான சரக்கு. வல்ல நாயன் எமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.