வைரஸை அடக்க பழைய ஆன்டிபயாடிக்: கேரளத்தின் இருதலைச் சிக்கல்

திருவனந்தபுரம்: கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 2018-இல் 17 பேரைப் பலிகொண்ட நிபாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. அதன் பிறகே, தலைநகரை அடுத்த தோன்னக்கலில் வைராலஜி ஆய்வு நிறுவனத்தை 2019-இல் கேரள அரசு தொடங்கியது. புது மருந்துக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், புழக்கத்தில் உள்ள மருந்துகளிலேயே தீர்வு தேடும் முறைக்கு இங்கு மவுசு அதிகம்.

தில்லி ஐஐடி 2020-இல் அப்படித்தான் தேடியது. சோதிக்கப்பட்ட 23 மருந்துகளில் டெய்கோபிளானின் என்ற ஆன்டிபயாடிக் முன்னணியில் நின்றது. கரோனா வைரஸ் தனது நீண்ட புரதத்தை ஒரு நொதியால் துண்டுகளாக வெட்டிய பிறகே பெருக முடியும். அந்த நொதியை இம்மருந்து தடுத்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், லோபினாவிர் ஆகியவற்றைவிட 10 முதல் 20 மடங்கு வீரியத்துடன்.

ஆனால், இது ஆய்வகக் கணக்கு. கரோனா காலத்தில் தாராளமாக எழுதித் தரப்பட்ட அஸித்ரோமைசின், மருத்துவமனை நோயாளிகளுக்குப் பலனளிக்கவில்லை என்பதை பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு காட்டியது.

மேலும், ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்த நாட்டிலேயே முதலாவதாக 2018-இல் செயல்திட்டம் வகுத்த மாநிலம் கேரளம். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கும் கடைகளைப் பிடிக்க 2024-இல் 'ஆபரேஷன் அம்ருத்' சோதனையும் நடத்தியது. டெய்கோபிளானினோ, பிற மருந்துகளுக்குப் பணியாத பாக்டீரியாக்களுக்கான கையிருப்பு ஆயுதம். அதை வைரஸுக்கும் வாரி வழங்கினால் பாக்டீரியாக்கள் அதற்கும் பழகிவிடும். பாக்டீரியாவைத் தொடாமல் நொதியை மட்டும் தடுக்கும்படி மூலக்கூறைத் திருத்துவதே வேதியியலாளர்கள் முன்னுள்ள வேலை. பெருந்தொற்று ஓய்ந்ததும் நிதி ஒதுக்கீடு மறக்கப்படுவதுதான் வழக்கம். இப்பணியோ அதன் பிறகும் பல ஆண்டுகள் நீளக்கூடியது.