பத்து லட்சத்துக்கு மேலே ஒரு ரூபாய்

கார் ஷோரூமில் விலை விசாரித்தால் ஒரு தாளை நீட்டுவார்கள். மேலே வண்டியின் விலை இருக்கும். கீழே காப்பீடு, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், இன்னும் என்னென்னவோ. கடைசியில் கொட்டை எழுத்தில் ஆன்-ரோடு விலை. நடுவே ‘லைஃப் டாக்ஸ்’ என்று ஒரு வரி. வண்டியின் விலை சரியாக ரூ.10 லட்சம் என்றால் அதற்கு நேராக ரூ.1,30,000 என்றிருக்கும். விலை ரூ.10,00,001 என்றால்? ரூ.1,80,000. கூடுதலான ஒரு ரூபாய்க்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரி. கணக்கில் பிழை இல்லை. தமிழ்நாட்டில் சட்டம் சொல்லும் கணக்கே அதுதான்.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஆயுட்கால வரியை மாற்றியமைத்தது. அதற்கு முன்பு ரூ.10 லட்சம் வரையிலான காருக்கு 10 சதவீதம், தாண்டினால் 15. இப்போது ரூ.5 லட்சம் வரை 12, ரூ.10 லட்சம் வரை 13, ரூ.20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20 சதவீதம். இருசக்கர வாகனத்துக்கு 8 சதவீதமாக இருந்தது, ஒரு லட்சம் வரை 10, மேலே போனால் 12 என்று ஆனது. தொண்ணூறாயிரம் ரூபாய் ஸ்கூட்டருக்கு ரூ.7,200 கட்டிய இடத்தில் இப்போது ரூ.9,000.

அடுக்கு வைத்து வரி போடுவது புதிதல்ல. வருமான வரியிலும் அடுக்குகள் உண்டு. அங்கே அடுத்த படிக்கு ஏறினால், தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் வீதம். இங்கே ஒரு ரூபாய் தாண்டினாலும் அடியிலிருந்து மொத்த விலைக்கும் புதிய வீதம் பாய்கிறது. அதனால்தான் பத்து லட்சத்தில் அந்தக் கிடுகிடு பள்ளம். இருபது லட்சத்தில் இன்னொன்று: ரூ.3,60,000 ஒரே தாவலில் ரூ.4 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு லட்சத்தை ஒட்டிய பைக்கில் பத்தாயிரம் பன்னிரண்டாயிரமாகிறது. வாங்குகிறவர் தள்ளுபடிக்காக மல்லுக்கட்டும் பத்தாயிரத்தை விட, எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் பில் விழுகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

இந்தக் கோளாறை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், விலை உயர உயர வீதமும் உயர்வது நியாயமானதே என்பது என் கட்சி. இருபத்தைந்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் ஐந்து லட்சம் வரி கட்டுவதையும், ஸ்கூட்டர்காரர் ஒன்பதாயிரம் கட்டுவதையும் ஒரே தட்டில் வைத்து ‘எல்லாருக்கும் சுமை’ என்று புலம்ப முடியாது. புலம்பல் என்னவோ கார் பக்கத்தில்தான் சத்தமாகக் கேட்கிறது.

சாலைக்கா, கஜானாவுக்கா?

‘ரோடு டாக்ஸ் கட்டுறேன், ரோடு எங்கே?’ டீக்கடையில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காதில் விழும் கேள்வி. பதில் கொஞ்சம் கசப்பானது. வாகன வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. ஆனால் அப்படி வசூலாகும் பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அங்கே போன பிறகு அது சாலைப் பணம், பள்ளிக்கூடப் பணம், ஓய்வூதியப் பணம் என்று பிரித்தறிய முடியாத பொதுப் பணம். உங்கள் தெருவில் தார் போடத்தான் அதைச் செலவழிக்க வேண்டும் என்று எந்தப் பூட்டும் இல்லை. பெட்ரோல், டீசல் மீது மத்திய அரசு போடும் சாலை செஸ்ஸுக்காவது 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி நிதி உண்டு.

ஆனால் நீதிமன்றங்கள் இந்த வரியை வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாகப்பட்டினம் உருக்காலை வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆலையின் மதிலுக்குள்ளேயே ஓடிய சரக்கு வண்டிகளுக்கு ஆந்திர அரசு வாகன வரி கேட்டிருந்தது. பொதுச்சாலையைப் பயன்படுத்துகிறவர் அந்தப் பயன்பாட்டுக்காகக் கொடுப்பதே இந்த வரி, பொது இடத்துக்கு வராத வண்டிக்கு அது பொருந்தாது என்றது நீதிமன்றம். நல்ல தர்க்கம். ஆனால் அதை நூல் பிடித்துக்கொண்டு போனால் நம் வரிமுறை எங்கேயோ தடுக்கி விழுகிறது. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் வண்டியை எடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், நாளெல்லாம் உணவுப் பொட்டலம் சுமந்து ஊரைச் சுற்றும் இளைஞரும் ஒரே மாடல் ஸ்கூட்டர் வாங்கினால் ஒரே வரிதான். ஓடும் தூரத்துக்கேற்ப நாம் கட்டுவது உண்மையில் எரிபொருளில்தான். 2021 ஆகஸ்டில் குறைத்த பிறகும், தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு ரூ.11.52உம் என்றிருந்தது. எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு. மின் வாகனக்காரர் இந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவருக்கு ஆயுட்கால வரியிலும் சலுகை. மாசைக் குறைக்க அது தேவைதான். ஆனால் பெட்ரோல் வண்டி குறையக் குறைய அந்த இடத்தை யார் நிரப்புவது என்ற கேள்வி காத்துக்கொண்டிருக்கிறது.

சாலையை உடைப்பது யார்? இதற்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1950களின் இறுதியில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு ஒன்றைப் பொறியாளர்கள் இன்றும் சொல்வார்கள். ஓர் அச்சின் மீதுள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. நான்காம் படி விதி. ஸ்கூட்டர் ஆயிரம் தடவை போனாலும் தாருக்கு உறைக்காது. சுமை ஏற்றிய லாரி ஒருமுறை போனால் உறைக்கும். 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பைக் கூட்டியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. எடை கூடியது எட்டில் ஒரு பங்கு. நான்காம் படி விதிப்படி அந்த அச்சு சாலைக்குத் தரும் அடி சுமார் 60 சதவீதம் கூடியது. லாரி நடைகள் குறையும் என்ற லாபம் உண்டு, மறுக்கவில்லை. லாரி உரிமையாளர்கள் ஆயுட்கால வரியல்ல, எடையைப் பொறுத்துக் காலாண்டு வரி கட்டுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எடை ஒரு படி ஏற வரியும் ஒரு படி ஏறினால் போதாது என்பதைத்தான் அந்த விதி சொல்கிறது.

ஆயிரம் ரூபாய் எவ்வளவு?

வரியில் வண்டியின் விலையைத் துருவிப் பார்க்கும் அரசு, அபராதத்தில் அதை மறந்தே போகிறது. நான் கவலைப்படுவது இங்கேதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் ரூ.100 என்றிருந்தது ரூ.1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ரூ.5,000. குடித்துவிட்டு ஓட்டினால் ரூ.10,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டாலும் அதே பத்தாயிரம்.

2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு ரூ.336. அந்தக் கணக்கில் ஹெல்மெட் அபராதம் மூன்று நாள் வெயில். சிக்னலில் சீட் பெல்ட் போடாமல் மாட்டும் சொகுசுக் கார்க்காரருக்கும் அதே ஆயிரம். அவருக்கு அது ஒரு மதியச் சாப்பாட்டு பில், சில ஹோட்டல்களில் அதுகூட இல்லை. தவறு செய்தால் வலிக்க வேண்டும் என்பதுதான் அபராதத்தின் நோக்கம் என்றால், ஒருவருக்குக் கை ஒடிகிறது, இன்னொருவருக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

பின்லாந்தில் வேறு வழி. பெரிய வேக மீறலுக்கு அங்கே ‘நாள் அபராதம்’. ஓட்டியவரின் ஒரு நாள் வருமானத்தை அடிப்படையாக வைத்து, குற்றத்துக்கு இத்தனை நாள் என்று பெருக்குவார்கள். 2002இல் நோக்கியா நிறுவன உயரதிகாரி ஆன்சி வான்யோகிக்கு, 50 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 75இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2023இல் ஆலாந்து தீவுகளில் தொழிலதிபர் ஆண்டர்ஸ் விக்லோஃப் 1,21,000 யூரோ கட்டினார்.

இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. பெரும்பாலானோருக்கு வருமானக் கணக்கே எழுத்தில் இல்லை. ஆனால் வண்டியின் விலை எழுத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தானே ஆயுட்கால வரியை வாங்கினார்கள்? ஆர்.சி. எண்ணைத் தட்டினால் வண்டி எந்த ரகம் என்று கையிலிருக்கும் இ-சலான் கருவி சொல்லிவிடும். சட்டத்திலும் இதற்கு வாசல் திறந்தே கிடக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 210ஏ பிரிவு, அபராதங்களை ஒன்று முதல் பத்து மடங்கு வரை பெருக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் தருகிறது. வெவ்வேறு வகை வாகனங்களுக்கு வெவ்வேறு மடங்கு வைக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. குஜராத் 2019 செப்டம்பரில் ஹெல்மெட் அபராதத்தை ரூ.500 ஆகக் குறைத்தபோது எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைப்பதும் பழைய கோணல்தான், அளவு மட்டும்தான் சிறிது. எந்த வகை வண்டிக்கு எத்தனை மடங்கு என்ற கேள்விதான் பேசப்படாமலே கிடக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் அபராதத்தை நூறு ரூபாய்க்குத் திருப்பச் சொல்லவில்லை. 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாதவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 உயிர்கள் போயின. போலீஸ்காரரை முனையில் பார்த்ததும் டேங்க் மேல் இருந்த ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றுகிறோமே, அந்தப் பயம் ஒரு சில உயிரையாவது காப்பாற்றியிருக்கும்.

கேமரா சொன்னால் சரியா?

சென்ற ஆண்டு என் கைப்பேசிக்கு ஒரு சலான் வந்தது. நான் போயே இராத ஒரு சாலையில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக. படத்தைத் திறந்தால் கறுப்பு பைக். என்னுடையது வெளிறிய நீல ஸ்கூட்டர். நம்பர் பிளேட்டில் 3இன் மேல் சேறு தெறித்து, கேமராவுக்கு 8 ஆகத் தெரிந்திருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் போனேன். மூன்றாவது ஜன்னலில், ‘கட்டிட்டுப் போயிடுங்க சார், ஆயிரம் ரூபாய்தானே, இதுக்கா ரெண்டு நாள் லீவு போடுறீங்க?’ என்றார் ஒருவர், உண்மையான அக்கறையோடு. ரத்தாக ஐந்து வாரம் ஆனது. எனக்கு லீவு இருந்தது. தினக்கூலிக்காரர் என்ன செய்வார்? கட்டிவிடுவார்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 167ஏ பிரிவு 2021இல் வந்தது. கேமராவுக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருக்க வேண்டும், கண்காணிக்கும் சாலையில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்கிறது. வேக வரம்பே நியாயமாக இருக்க வேண்டும் என்பது அதற்கும் முந்தைய விஷயம். 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்து ரேடார் கருவிகளை நிறுத்தினார்கள். காலியான அகலச் சாலையில் நாற்பதா என்று ஊரே கேட்டது. நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று மாறியது. கேட்டால் மாறுகிறது என்பது நல்ல செய்திதான்.

மற்ற தென் மாநிலங்களில் இன்னொரு வேடிக்கை. தெலங்கானாவில் 2023 டிசம்பரில் நிலுவைச் சலான்களுக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள், இருசக்கர வாகனத்துக்கு 80 சதவீதம். கர்நாடகத்தில் அதே ஆண்டு பிப்ரவரியில் பாதிக்குப் பாதி. கவுண்டர்களில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பணம் கொட்டியது. முந்தைய மாதமே ஒழுங்காக முழுத்தொகை கட்டியவர் மட்டும் ஏமாளி.

எதிர்ப் பக்கத்துச் சலான்

குண்டும் குழியுமான சாலைக்கு யாருக்கு அபராதம்? சட்டத்தில் பதில் இருக்கிறது. அதே 2019 திருத்தத்தின் 198ஏ பிரிவுப்படி, சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைக் காக்கத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஆலோசகருக்கோ ரூ.1 லட்சம் வரை அபராதம். உச்சவரம்பே ஒரு லட்சம். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத பத்துப் பேரிடம் வசூலாகும் தொகை. இருசக்கர வாகனக்காரருக்குக் கேமராவும், கருவியும், குறுஞ்செய்தியும் இருக்கின்றன. இந்தப் பிரிவைக் கையில் எடுக்க யாராவது செத்தோ ஊனமாகியோ இருக்க வேண்டும், அதற்குப் பிறகு யாராவது கோர்ட் படி ஏற வேண்டும்.

நீதிமன்றங்கள் அங்கங்கே அசைகின்றன. கேரளத்தின் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் சாலை நெரிசலைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியபோது, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆனால் ரூ.150 எதற்கு என்று கேட்டது. அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.6 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்றது.

எங்கள் தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தை மூடி மூன்று மாதம் ஆகிறது. மூடிய மண் இறங்கி முழங்கால் ஆழப் பள்ளம். நேற்றுக் காலை யாரோ அதில் ஒரு முருங்கைக் கிளையை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் கிளையைச் சுற்றிப்போக, சட்டென்று எதிர்த்திசைக்கு ஒடித்தார். முனையில் இப்போதைக்குக் கேமரா இல்லை.