ஈஃபில் டவருக்கு எத்தனை கோட் பெயின்ட்?

பாரீஸில் இருபத்தாறு வயசு ஆவதைப் போல ஒரு நஷ்டம் உலகத்தில் வேறு கிடையாது.

விஷயம் இதுதான். ஐரோப்பாவில் குடியிருக்கிற ஆளாக இருந்து, வயசும் இருபத்தாறுக்குக் கீழே என்றால், ஃபிரான்ஸின் அரசாங்க மியூஸியங்களில் டிக்கெட்டே வேண்டாம். அந்த நாட்டுப் பிரஜையாக இருக்கணும் என்றுகூட இல்லை. என்னைப் போல நீண்ட கால ஸ்டூடன்ட் விசாவில் வந்து ஒண்டிக்கொண்டிருப்பவனும் போகலாம். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தைக் காட்டினால், 'போ, போ' என்று கையை வீசிவிடுவார்கள். இந்த மகத்தான உண்மை எனக்குத் தெரியவந்தது 2023 மே முதல் வாரத்தில். ஜூன் 11-ம் தேதி எனக்கு இருபத்தாறு முடிகிறது. மிச்சம் இருந்தது ஐந்தே வாரம்!

அதற்கு முன்னால் எட்டு மாசம் பாரீஸில்தானே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்காதீர்கள். காலேஜ், ரூம், மாணவர் கேன்டீனில் 3 யூரோ 30 சென்ட்டுக்கு ஒரு சாப்பாடு. அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் தொண்ணூறால் பெருக்குகிற வியாதி எனக்கு. லூவர் மியூஸியத்துக்கு அப்போது டிக்கெட் 17 யூரோ. பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய். மண்டபத்தில் எங்கள் வீட்டு கரன்ட் பில்லே அவ்வளவு வராது. எஜுகேஷன் லோனில் படிக்கிறவன் மோனலிசாவைக் காலண்டரில் பார்த்தால் போதாதா?

இலவசம் என்று தெரிந்ததும் ஆள் மாறிப் போனேன். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி ஒரே அவசரம். செவ்வாய்க்கிழமை லூவர் லீவு, திங்கட்கிழமை ஓர்ஸே லீவு என்று டைம்டேபிள் போட்டு, காலேஜ் இல்லாத நேரமெல்லாம் அலைந்தேன். டிஃபன் பாக்ஸில் புளிசாதம். ஸேன் நதிக்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது புறாக்கள் வந்து பார்த்துவிட்டு, மிளகாய் வாசனைக்குத் திரும்பிப் போய்விடும். ஒருநாள் அதே கரையில் ஒரு அம்மாள் என் காலடியிலிருந்து தங்க மோதிரம் ஒன்றை 'கண்டெடுத்து', "உங்களுடையதா?" என்று கேட்டு, நானே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக நீட்டினார். கொஞ்சமாகக் காபிக் காசு கொடுத்தால் போதுமாம். பித்தளை! நம்மூர் பஸ் ஸ்டாண்டில் பார்க்காததா?

ராத்திரி வீட்டுக்கு வீடியோ கால். அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் அப்பாவிடம் ஒப்பிக்கணும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் பெயின்டர். பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பதுதான் முப்பத்திரண்டு வருஷம் அவருக்கு வேலை. 2018-ல் ரிடையர் ஆனார். உலகத்தில் எதைக் காட்டினாலும் முதலில் அதன் மேல்பூச்சைத்தான் பார்ப்பார். என் அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "பையன் தங்கம்! ஆனா கேட்டுக்கு ப்ரைமர் அடிக்காமலே பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றவர்.

மோனலிசாவைப் பார்த்தேன் என்றதும், "எவ்வளவு பெருசு?" என்றார்.

"77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். நம்ம வீட்டு ஜன்னல் கதவு அளவுதான் இருக்கும்ப்பா. கண்ணாடிக்குப் பின்னால வெச்சிருக்காங்க. முந்நூறு பேர் செல்போனைத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க."

"எதிர்ச் சுவர்ல என்ன?"

இந்தக் கேள்வியை அந்த முந்நூறு பேரில் ஒருத்தர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்ச் சுவரில் இருப்பது வெரோனீஸ் என்ற இத்தாலியர் வரைந்த 'கானா ஊர்க் கல்யாணம்'. அகலம் ஏறக்குறைய பத்து மீட்டர், உயரம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லூவரிலேயே பெரிய ஓவியம் அதுதான். வெனிஸில் ஒரு மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்ததை 1797-ல் நெப்போலியன் படை கழற்றிக்கொண்டு வந்துவிட்டது. எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோனலிசாவை போட்டோ எடுக்கிறார்கள். அப்பாவுக்காகச் செல்போனில் பிடித்து வந்ததை அனுப்பினேன்.

"இதுக்குச் சாரம் கட்டித்தான் அடிச்சிருப்பான். பாவம், உழைப்பாளி" என்றார். லியனார்டோ டாவின்சி விஷயத்தில் கருத்து ஏதும் சொல்லவில்லை.

ஓர்ஸே மியூஸியம்தான் வினையாகப் போனது. அது ஆதியில் ஒரு ரயில்வே ஸ்டேஷன். 1900-ம் வருஷத்து உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டியது. பின்னால் ரயில்களெல்லாம் நீளமாகிப் போக, பிளாட்ஃபாரம் போதவில்லை. 1939-லேயே தூரத்து ரயில்கள் வருவது நின்றுவிட்டது. இடிக்கக்கூட யோசித்தார்கள். கடைசியில் 1986-ல் மியூஸியம் ஆக்கினார்கள். வான்கோ படமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டேஷன் கடிகாரம் இன்னும் சுவரில் அப்படியே. இதையெல்லாம் உற்சாகமாக நான் சொல்லிக்கொண்டே போக, அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ரயில் வராத ஸ்டேஷனாக்கும்" என்றார் அப்பா. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஏண்டா அவர்கிட்ட போய் இதைச் சொல்றே? டிசம்பர்லேர்ந்து மனுஷன் ஒரு மாதிரியாத்தான் இருக்காரு. சைக்கிளைத் தொடறதில்லை. சரியாச் சாப்பிடறதும் இல்லை."

2022 டிசம்பர் 23. அன்றைக்குத்தான் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். கப்பலுக்கு வழிவிடத் தூக்குகிற நடுப்பகுதியில் துரு ஏறி, இனி ரயில் போவது ஆபத்து என்று முடிவாகிவிட்டது. பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது, நியாயமான முடிவுதான். ஆனால், ரிடையரான பிறகும் தினம் சாயந்தரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ரோடு பாலத்துக்குப் போய், மேலேயிருந்து தன் ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷருக்கு நியாயம் என்ன செய்யும்? நான் பாரீஸில் இருந்ததால் இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் வெட்கம்.

ஈஃபில் டவருக்கு மட்டும் என் பாஸ்போர்ட் செல்லவில்லை. அங்கே சலுகை எல்லாம் 24 வயசோடு சரி. லூவரில் நான் குழந்தை, ஈஃபிலில் பெரிய மனுஷன்! லிஃப்டில் போனால் காசு அதிகம், படியேறிப் போனால் பதினோரு யூரோ சொச்சம். ஆயிரம் ரூபாய் கொடுத்து 674 படி ஏறுவதாவது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் டிக்கெட் போட்டேன். அந்த ஒரு தடவைதான் தொண்ணூறால் பெருக்கவில்லை.

சனிக்கிழமை. அங்கே காலை பதினொன்றரை, மண்டபத்தில் மத்தியானம் மூன்று மணி. முதல் தளத்துக்குக் கொஞ்சம் கீழே, மூச்சு வாங்கிக்கொண்டு நின்று கால் பண்ணினேன். அப்பா வாசல் திண்ணையில் இருந்தார். ஸேன் நதி, படகுகள், தூரத்தில் வெள்ளையாக சாக்ரே கேர் சர்ச் எல்லாவற்றையும் காட்டினேன்.

"ஊரைக் காட்டாதே தம்பி, இரும்பைக் காட்டு."

திருப்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் பெரிய பெரிய தூலங்கள், தகடுகள், வரிசை வரிசையாக ரிவிட்டுகள்.

"கிட்டப் போ. ரிவிட்டுத் தலையைச் சுத்திக் காட்டு. அங்கதான் முதல்ல துரு கட்டும். அப்புறம் ரெண்டு தகடு சேர்ற இடம். தண்ணி தேங்குற மூலை. அதையெல்லாம் பிரஷ்ஷால குத்திக் குத்தி முதல்ல அடிச்சிட்டுத்தான் பரப்பு முழுக்க அடிக்கணும். இவன் அடிச்சிருக்கானா பாரு."

பின்னால் ஏறி வந்த ஒரு குடும்பம், இவ்வளவு உயரம் ஏறி வந்து சுவரைப் பார்த்தபடி போனை நீட்டிக்கொண்டிருக்கிறவனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனது.

படித்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பதினெட்டாயிரம் இரும்புத் துண்டுகள், இருபத்தைந்து லட்சம் ரிவிட்டுகள். சராசரியாக ஏழு வருஷத்துக்கு ஒருதரம் பெயின்ட். ஒவ்வொரு தடவையும் சுமார் அறுபது டன். மெஷின் ஸ்பிரே கிடையாது, ஐம்பது பேர் போலத் தொங்கிக்கொண்டு பிரஷ்ஷால்தான் அடிப்பார்கள்.

"பிரஷ்தானா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லு!"

"ஆரம்பத்துல டவர் சிவப்பா இருந்ததாம்ப்பா. ரொம்ப வருஷமா ஒரே கலர்ல மூணு ஷேடு அடிச்சிருக்காங்க. கீழே டார்க், மேலே போகப் போக லைட். அப்பத்தான் வானத்துல ஒரே மாதிரி தெரியுமாம்."

"டின்னுக்கு டின் கலர் ஒத்து வரலைன்னு மேஸ்திரி சொல்லிச் சமாளிச்சிருப்பான்" என்று சிரித்தார். டிசம்பருக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

2019-ல் ஆரம்பித்த இருபதாவது தடவை வேலையில், பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஈயம் அதிகமாக இருந்து 2021-ல் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்ததையும் சொன்னேன். "ஈயம்னா நிறுத்தத்தான் வேணும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இது எந்த வருஷத்து டவர்?"

"1889."

"நம்ம பாலம் 1914. இது இருபத்தஞ்சு வருஷம் மூத்தது." குரல் கம்மியது. "இது நிக்குதே தம்பி. நாங்க ஒழுங்கா அடிக்கலையோ?"

அறுநூறு படியை ஒரே மூச்சில் ஏறியிருந்தாலும் அவ்வளவு மூச்சு முட்டியிருக்காது எனக்கு. நான் படிக்கிறது கம்ப்யூட்டர். துருவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா சொன்னதுதான். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இங்க கடலே இல்லையேப்பா. கடலைப் பார்க்கணும்னா ரயிலேறி ரெண்டு மணி நேரம் போகணும். இதையே இருபது வருஷம் வெச்சிருந்துட்டுப் பிரிச்சிடறதாத்தான் பேச்சு. மேலே ரேடியோ கம்பி கட்ட உபயோகமா இருக்குன்னுதான் விட்டுட்டாங்க."

"கடல் இல்லையா?" என்றார். எத்தனை தடவை வரைபடத்தில் பார்த்திருப்பார், இருந்தும் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி. "உப்புக் காத்தே கிடையாதா?"

"கிடையாது."

"மேலே என்ன ஓடுது? ரயில் ஏதும்..."

"ஒண்ணும் ஓடலைப்பா. மனுஷங்க ஏறி இறங்கற லிஃப்ட் மட்டும்தான்."

அப்பா திண்ணையிலிருந்து உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "ஏய், கேட்டியா? சும்மா நிக்கிறதுக்கே அறுபது டன் பெயின்டாம்!"

அதற்கப்புறம் அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை. 64 புயலில் தனுஷ்கோடி போனபோது அவருக்கு ஆறு வயசு. தூண் தூணாகத் தெரிந்த பாலத்தை நாற்பத்தாறு நாளில் ஸ்ரீதரனும் அவருடைய ஆட்களும் சரி பண்ணினது, மீட்டர்கேஜ் போய் 2007-ல் பிராட்கேஜ் வந்தது, காற்று அடிக்கிற மாசங்களில் பிரஷ்ஷில் தொட்ட பெயின்ட் இரும்புக்கு வராமல் முகத்துக்கு வந்தது... நான் மீதிப் படிகளை ஏறி இரண்டாம் தளத்துக்கே போய்விட்டேன், அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். 115 மீட்டர் உயரத்தில் பாரீஸ் முழுக்கத் தெரிந்தது. தெரிந்ததாகத்தான் ஞாபகம்.

மறுநாள் அம்மா சொன்னாள், "காலையில எழுந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிக் காத்தடிச்சிட்டு வந்திருக்காரு."

இருபத்தாறு முடிவதற்கு முதல் நாள், ஜூன் 10, என் கடைசி ஓசி டிக்கெட்டை கீமே மியூஸியத்தில் செலவழித்தேன். ஆசியக் கலைப் பொருட்கள் உள்ள இடம். அங்கே நம்ம சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார், பதினோராம் நூற்றாண்டு வெண்கலம். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "மாலைகூடப் போடலியா? வேட்டியும் கட்டலை! நீயாவது கும்பிட்டுட்டு வா" என்றாள். கும்பிட்டேன். காவலுக்கு இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் நல்லா இருக்கட்டும்.

படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்து, 2025 கோடையில்தான் ஊருக்கு வந்தேன். அந்த ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்திருந்தார்கள். அப்பாவும் நானும் மண்டபத்தில் ரயிலேறினோம். பழைய பாலம் தெரிகிற பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தார். அது அப்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தது, ரயில் இல்லாமல். பாரீஸ் ஒலிம்பிக்ஸில் 2024-ல் கொடுத்த பதக்கம் ஒவ்வொன்றிலும் ஈஃபில் டவரிலிருந்து கழற்றிய பழைய இரும்பில் பதினெட்டு கிராம் பதித்திருந்தார்கள் என்று சொன்னேன்.

"நம்ம பாலத்து இரும்பு காயலான் கடைக்குத்தான் போகும்" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. கழுத்தை நீட்டிப் புதுப் பாலத்தின் தூலங்களைப் பார்த்தார். அதற்குப் பாலிசிலாக்ஸேன் என்று ஏதோ புது மாதிரிப் பூச்சாம், சுலபத்தில் துருப் பிடிக்காதாம் என்று யாரோ எதிர் சீட்டில் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா அவர்கள் பக்கம் திரும்பி, "மூலையெல்லாம் நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். பிறகு என்னிடம், "பையை எடு தம்பி, பாம்பன் வந்துருச்சு."