மறதிநோய் உள்ள முதியோருக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று: அறிதலும் சிகிச்சையும்

நோய் இன்னதென்று அறிவதற்கு மருத்துவர் முதலில் நம்புவது நோயாளியின் வாய்மொழியையே. வலி எங்கே, எப்போது தொடங்கியது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் உண்டா என்பவற்றை நோயாளி கூறுகிறார். அதைக் கொண்டு சோதனையும் சிகிச்சையும் தொடங்குகின்றன. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றிய முதியவரால் இவற்றைக் கூற இயலுவதில்லை. எரிச்சலை அவர் உணரக்கூடும். ஆனால் அதைச் சொல்லாக்கித் தெரிவிக்க முடிவதில்லை. இக்காரணத்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்று விஷயத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. தொற்று இருந்தும் அதனை முதுமையின் தடுமாற்றம் என்று விட்டுவிடுவது ஒன்று. தொற்று இல்லாதிருந்தும், சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காகவே ஆண்டிபயாட்டிக் மருந்து கொடுப்பது மற்றொன்று. முன்னது உயிருக்கே ஆபத்தாகலாம். பின்னது மெய்யான காரணத்தை மறைத்துவிடும்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ரயில் சந்திப்பாக அமைந்துள்ள பாகாலாவையும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் போன்ற இடங்களில் இச்செய்தி விசேஷ முக்கியத்துவம் உடையது. பெரிய மருத்துவமனைகள் ஒருபுறம் திருப்பதியிலும் மறுபுறம் காட்பாடி வழியாகச் செல்லும் வேலூரிலும் உள்ளன. முதியவரை அங்கே கொண்டுசெல்வதா, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவதா, வீட்டிலேயே கவனிப்பதா என்ற முதல் முடிவைக் குடும்பத்தாரும் கிராம ஊழியருமே செய்ய வேண்டியிருக்கிறது.

மெதுவான மாறுதலும் திடீர் மாறுதலும்

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் வீட்டிலேயே பராமரிக்கப்படுகின்றனர். அந்நோய் தமக்கு உண்டென்று மருத்துவரால் கூறப்படாதவர்களும் பலர்.

இதற்குக் காரணம் என்ன என்பதைச் சென்னை நகரிலும் வேலூரைச் சார்ந்த கிராமப்புறத்திலும் நடைபெற்ற '10/66' என்னும் பன்னாட்டு ஆய்வு ஓரளவு விளக்கிற்று. 2008-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வழக்கமான மருத்துவ வரையறையைப் பின்பற்றியபோது கிராமப்புறத்தில் 65 வயதைக் கடந்தோரில் 1,000-க்கு 3 பேரே மறதிநோயாளிகளாகக் காணப்பட்டனர். அதே மக்களை வேறொரு முறையில் கணித்தபோது எண்ணிக்கை பன்மடங்காயிற்று. முந்திய வரையறை உறவினர் கூறும் தகவலைப் பெரிதும் சார்ந்திருந்தது. உறவினரோ முதியவரின் நினைவுக் குறைவை நோயாகக் கருதாமல், வயதின் இயல்பு என்றே எண்ணிவந்தனர். வேலூர் பாகாலாவுக்கு அண்மையில் உள்ளதாகையால், அங்கே கண்ட மனப்பான்மை இங்கும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

எல்லா மாறுதலையும் வயதின் மேல் ஏற்றிச் சொல்லும் பழக்கத்தில், திடீரென ஏற்படும் மாறுதலும் கவனிக்கப்படாமற் போகிறது. மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளர்வது. சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் தோன்றுவது வேறொன்று. அதற்கு டெலிரியம் என்று பெயர். நேற்று வரை மகளை அடையாளம் கண்ட மூதாட்டி இன்று கண்டுகொள்ளாதிருத்தல், பேச்சில் கவனம் நில்லாமை, பகலில் தெளிவும் இரவில் குழப்பமுமாக நிலை மாறிக்கொண்டே இருத்தல், இல்லாதவற்றைக் காணுதல், காரணமின்றிச் சினத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

டெலிரியத்தில் அமைதியான வகை ஒன்றும் உண்டு. அதில் முதியவர் ஓசையின்றிப் படுத்துக்கிடப்பார், உணவை மறுப்பார், அழைத்தால் தாமதமாக விழிப்பார். 'இன்று தொந்தரவு செய்யவில்லை' என்று வீட்டார் மகிழ்வதால் இவ்வகை அடிக்கடி தவறவிடப்படுகிறது. இரு வகையும் உடலில் புதிதாக ஏதோ கோளாறு ஏற்பட்டிருப்பதன் அறிகுறிகளே. இவற்றைப் பேய்க்கோளாறு என்றோ பிடிவாதம் என்றோ கருதி நாட்களைக் கடத்தலாகாது.

தொற்று ஏற்படும் வகை

சிறுநீரகங்களில் உண்டாகும் சிறுநீர், சிறுநீர்ப்பையில் தங்கி வெளியேறுகிறது. குடலில் இயல்பாக வாழும் கிருமிகள் வெளித்துவாரத்தின் வழியே மேலேறிச் சிறுநீர்ப்பையில் அழற்சியை விளைவிப்பதே பெரும்பாலான தொற்றுகளின் வரலாறு. இவற்றுள் முதன்மையானது, 1885-இல் தியோடோர் எஷெரிக் என்ற மருத்துவர் விவரித்த ஈ. கோலி என்னும் கிருமி. தொற்று சிறுநீரகத்தை எட்டினால் கடுங்காய்ச்சல் உண்டாகும். இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழல் குறுகியதாகையால் தொற்று எளிதில் ஏற்படுகிறது. ஆண்களுக்கு முதுமையில் புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்குகிறது. நீரிழிவும் மலச்சிக்கலும் இரு பாலார்க்கும் தீங்கானவை. சளி, அரிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் சிறுநீரைத் தேக்குவதோடு மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். மறதிநோயாளருக்கு இவற்றுடன் வேறு இடர்களும் சேர்கின்றன. தாகத்தை உணர்ந்து தண்ணீர் கேட்க அவருக்குத் தோன்றுவதில்லை. கழிவறை கொல்லைப்புறத்தில் இருந்தால், இரவில் எழுந்து செல்வதற்கு அஞ்சி நீர் பருகுவதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு. சித்திரை, வைகாசி மாத வெயிலில் இதன் தீங்கு அதிகம்.

கலங்கிய சிறுநீர் சான்றாகாது

சிறுநீரின் நிறமும் நாற்றமும் நோயைக் காட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நீர் குறைவாகப் பருகினாலே சிறுநீர் மஞ்சளித்து நாறும். சில உணவுகளாலும் மாத்திரைகளாலும் அவ்வாறாகும். ஆதலால் இவற்றை மட்டும் கொண்டு தொற்று என்று முடிவு செய்யலாகாது.

சோதனைச்சாலை அறிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிகள் இருப்பதைக் கணக்கில் கொள்ளத்தக்க அளவாக எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1956-இல் நிறுவினார். ஆனால் அந்த அளவு கிருமி இருந்தும் யாதொரு துன்பமும் இல்லாத முதியோர் பலர் உளர் என்பது பின்னர் தெளிவாயிற்று. முதியோர் இல்லங்களில் நெடுங்காலம் வாழும் பெண்களில் 100-க்கு 25 முதல் 50 பேர் வரை இந்நிலையில் இருப்பதாக மேலைநாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. சிறுநீர்க் குழாய் நீண்டகாலம் பொருத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் கிருமி காணப்படும். இது குடியேற்றமேயன்றி நோயன்று. இதற்கு மருந்து கொடுப்பதால் பயனில்லை.

இதனை ஒட்டியே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. சிறுநீரில் கிருமி இருந்து மனக்குழப்பமும் ஏற்பட்ட முதியவருக்கு, காய்ச்சல் முதலிய உடற்குறிகளோ சிறுநீர்ப் பாதைக்குரிய குறிகளோ இல்லையெனில், உடனே ஆண்டிபயாட்டிக் கொடுக்காமல் வேறு காரணங்களைத் தேடுவதும் கூர்ந்து கவனிப்பதுமே தக்கது என்பது அதன் சாரம். நீர் வற்றுதல், மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், நுரையீரல் அழற்சி, இரத்தச் சர்க்கரை அல்லது உப்பின் ஏற்றத்தாழ்வு, புதிய மாத்திரை, வெளியில் தெரியாத அடி, வலி ஆகியவை அவ்வாறு தேடத்தக்க காரணங்கள். 'சிறுநீர்த் தொற்று' என்று பெயர் சூட்டி மருந்து கொடுத்துவிட்டால் இத்தேடல் நின்றுவிடுகிறது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டியின் முறிவு அறியப்படாமலே நாட்கள் கழியக்கூடும்.

ஐயுறவேண்டிய குறிகள்

திடீர் மாறுதலோடு பின்வருவனவற்றுள் ஒன்றோ பலவோ சேர்ந்திருந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்றை ஐயுற்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

1. சிறுநீர் கழிக்கையில் முகம் சுளித்தல், முனகுதல், கழிவறைக்குச் செல்ல மறுத்தல்.
2. அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் போதல்; அடக்கிவந்தவர் புதிதாக உடையை நனைத்தல்.
3. அடிவயிற்றிலோ விலாவின் பின்புறத்திலோ தொட்டால் வலி.
4. சிறுநீரில் இரத்தம்.
5. காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம். முதியோருக்குக் காய்ச்சல் குறைவாகவே ஏறுவதால், 100 டிகிரி பாரன்ஹீட்டைக் கடந்தாலும், அவரது வழக்கமான வெப்பத்தைவிட 2 டிகிரி கூடினாலும் பொருட்படுத்த வேண்டும்.

மூச்சு நிமிடத்துக்கு 22 தடவையோ அதற்கு மேலோ வாங்குதல், இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100-க்கு இறங்குதல், எழுப்பினாலும் விழிக்காமை, கைகால் சில்லிடுதல், பல மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்பியிருத்தல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதிக்கலாகாது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்விகளைச் சுருக்கமாகவும் முதியவர் இளமையில் பேசிய மொழியிலும் கேட்பது நன்று. தமிழும் தெலுங்கும் வழங்கும் இவ்வட்டாரத்தில், பிற்காலத்தில் கற்ற மொழியை மறதிநோய் முந்தி மங்கச் செய்வதும் உண்டு. 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்பதினும், அடிவயிற்றில் மெல்லக் கைவைத்து 'இங்கே வலிக்கிறதா?' என்று கேட்பது பயன் தரும்.

சோதனையும் சிகிச்சையும்

ஆண்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னரே சிறுநீர் எடுக்கப்பட வேண்டும். மருந்து உட்சென்றபின் எடுத்தால் கிருமி வளராமற் போகலாம். உறுப்பை நீரால் கழுவி, முதலில் வருவதை விட்டு, இடையில் வருவதைத் தூய புட்டியில் பிடிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்க்க வேண்டும். இயலாதெனில் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். பையிலோ உறிஞ்சு துணியிலோ தேங்கியதை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல் கூடாது. குழாய் பொருத்தியவரிடம் சேகரிப்புப் பையிலிருந்து எடுக்கலாகாது. வண்ணப் பட்டைச் சோதனையில் இரு குறிகளும் இல்லையெனில் தொற்று இருப்பது அரிது. குறிகள் இருந்தாலோ அதுவே நோய்க்கு உறுதியாகாது.

மருந்தின் தேர்வு மருத்துவருக்கு உரியது. சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்குப் பெரும்பாலும் சில நாள் மருந்தே போதும். சிறுநீரகத்தை எட்டியதற்கு நீண்ட சிகிச்சையும் ஊசியும் தேவைப்படலாம். நைட்ரோஃபுரான்டாயின் என்னும் மருந்து சிறுநீரகத் திறன் மிகக் குன்றியவருக்கு ஏற்றதன்று. ஃப்ளோரோகுயினலோன் வகை மருந்துகள் முதியோரிடம் மனக்குழப்பத்தையும் தசைநாண் கிழிதலையும் உண்டாக்கக்கூடும். ஆகவே பழைய சீட்டைக் காட்டியோ கடைக்காரரின் சொற்படியோ மருந்து வாங்குவது தவறு. அரைகுறைப் பயன்பாட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் நடத்திவரும் கண்காணிப்பில், ஈ. கோலி கிருமியில் பெரும்பகுதி முன்னர் வழக்கிலிருந்த பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை என்று காணப்பட்டுள்ளது.

தக்க மருந்தால் காய்ச்சல் 2 அல்லது 3 நாளில் தணியத் தொடங்கும். தணியாவிடில் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும். மனக்குழப்பம் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வெளிச்சமும் பழகிய முகங்களும் கண்ணாடியும் செவிக்கருவியும் முதியவர் அருகில் இருத்தல் அவசியம். கட்டிலில் கட்டிப்போடுவது குழப்பத்தை அதிகரிக்கும். குணமான பிறகு 'கிருமி போயிற்றா' என்று அறிய மறுசோதனை பொதுவாகத் தேவையில்லை.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மருத்துவரால் தடையில்லையெனில் தண்ணீர், நீர்மோர், கஞ்சி ஆகியவற்றை வேளைதோறும் கையில் கொடுத்துப் பருகச் செய்தல்; 2 அல்லது 3 மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல்; நனைந்த உடையை உடனே மாற்றுதல்; பெண்களை முன்னிருந்து பின்னாகத் துடைத்தல்; மலச்சிக்கலைப் போக்குதல் ஆகியவற்றை வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும். உடை நனைகிறது என்பதற்காகச் சிறுநீர்க் குழாய் பொருத்துவதை ஊக்குவிக்கலாகாது. குழாய் உள்ள ஒவ்வொரு நாளும் 100-க்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. பெண்களுக்குத் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால், உறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பற்றி மருத்துவரைக் கேட்கலாம்.

யாவற்றினும் பயனுள்ளது, முதியவர் நலமாக இருக்கும் நாளிலேயே அவரது இயல்பு நிலையை ஒரு தாளில் எழுதிவைப்பதாகும். யார் யாரை அடையாளம் காண்கிறார், எவ்வளவு நடக்கிறார், எவ்வளவு உண்கிறார், இரவில் எத்தனை தடவை எழுகிறார், சிறுநீரை அடக்குகிறாரா, வழக்கமான உடல் வெப்பம் எவ்வளவு, உட்கொள்ளும் மருந்துகள் எவை என்பன அதில் இருந்தால் போதும். எழுதப் படிக்க அறியாத குடும்பங்களுக்கு ஆசிரியர் இதனை எழுதித் தரலாம். உயர்வகுப்பு மாணவரைக் கொண்டு அவரவர் வீட்டிலும் எழுதச் செய்யலாம். ஊழியர் ஒவ்வொரு வருகையிலும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்பின் அறியாத மருத்துவர் நள்ளிரவில் கேட்கும் முதற்கேள்வி, 'இவர் சென்ற வாரம் எப்படி இருந்தார்?' என்பதாகவே இருக்கும். மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்துச் சீட்டுகளுடன் அத்தாளையும் தவறாமல் கொடுத்தனுப்ப வேண்டும்.