ஆத்திசூடியும் புதுவைச் சிறாரும்

ஒரு மக்கட்கூட்டம் தன் பண்பாட்டைச் சிறாருக்கு எவ்வழியாகக் கையளிக்கின்றது என்று ஆராய விரும்புவார், பெருநூல்களை விடுத்து, அச்சிறார் முதன்முதல் வாய்விட்டுக் கூறும் சொற்களை நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டில் பல தலைமுறைகளாக அச்சொற்கள் ஔவையாரின் ஆத்திசூடியாகவே இருந்தன.

திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகியது. எழுத்தின் வடிவு கைக்கு அடங்குமுன்னரே அதன் ஓசை நாவிற்கு அடங்கிவிடும். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் ஒருங்கே பின்சொல்வர். ஆத்திசூடியின் அடிகளோ நெடுங்கணக்கின் வரிசையிலேயே தொடங்குவன. ஆதலின் அகரம் பயின்ற குழந்தை அறத்தையும் உடன் பயின்றது. இக்காலத்து அரிச்சுவடி அகரத்திற்கு அணிலின் படத்தைக் காட்டுகின்றது. அக்காலத்துச் சுவடி அகரத்திற்கு ஓர் ஒழுக்கத்தைக் காட்டிற்று. பொருளறியாது உருப்போடும் கல்வி என இதனைப் பழிப்பார் உளர். அப்பழிப்பில் உண்மையும் உண்டு. பிரம்படியையோ எவரும் போற்றார். ஆயினும் ஐந்து வயதில் நெஞ்சிற் பதிந்த அடி, பொருள் வேண்டப்படும் நாளில் தானே எழுந்து வருதலை நம் வீட்டு முதியோர்பாற் காண்கின்றோம் அன்றோ! சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆந்திரு பெல் என்னும் குருவானவர், இம்மணலெழுத்தைக் கண்டு கைக்கொண்டு, சிறுவரே சிறுவரைப் பயிற்றும் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனிப் புதுவைக்கு வருவோம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்நகரிற் சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை அடைக்கலம் புகுந்து வாழ்ந்தார். புதிய ஆத்திசூடி அக்காலத்து இயற்றப்பட்டதே. நெடுங்கணக்கு வரிசையையும் சிற்றடியையும் அவர் மாற்றினாரில்லை; கலம் பழையது, பெய்தது புதியது. ஔவையார் சினத்தைத் தணிக்கச் சொன்னார்; அடிமை நாட்டிற் பிறந்த பாரதியாரோ சினங்கொள்ளவும் பழகச் சொன்னார். அச்சத்தைத் துறத்தலே அவருக்கு முதற் பாடம். காப்புச் செய்யுளிற் சிவனையும் திருமாலையும் கூறியதோடு அமையாது, முகமதியரும் கிறிஸ்தவரும் வணங்கும் கடவுளும் அப்பரம்பொருளே என்றார். இதனால் எங்கள் இல்லத்துப் பிள்ளைகளும் இதனைத் தம்முடையதாகவே ஓதலாம்.

புதுவையிற் பிறந்து, 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராயிருந்த பாரதிதாசனாரும் தம் கொள்கைக்கேற்ப ஓர் ஆத்திசூடி பாடினார்.

இன்று ஈசுவரன் தர்மராசா கோயில் தெருவிற் பாரதியார் வாழ்ந்த இல்லமும், பெருமாள் கோயில் தெருவிற் பாரதிதாசனார் இல்லமும் நினைவகங்களாகப் போற்றப்படுகின்றன. மாணவர் வரிசையாகச் சென்று கண்டு மீள்வர். அது நன்றே, ஆயினும் கண்ணாடிப் பேழையுள் இருக்கும் ஏடு குழந்தையின் நாவில் ஏறுவதில்லை. திண்ணையும் சட்டாம்பிள்ளையும் மறைந்தமையின், அவ்வேலை இப்பொழுது தாய்தந்தையர் மேலும் பாட்டிமார் மேலும் நின்றது. மாலையில் விளக்கேற்றியபின் நாளொன்றுக்கு ஓரடி சொல்லித் தந்தால், நான்கு திங்களுள் ஓர் ஆத்திசூடி முற்றும். எதனை முதலிற் கற்பிப்பது என வினவுவார்க்கு, ஔவையாருடையதையே என்பேன். பழையதை அறியாத பிள்ளைக்குப் பாரதியார் எதனை மாற்றினார் என்பது விளங்காது.